முகம் தெரிந்த ஸ்டீல் பிளேட்

கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். என்ன எழுதுவது என்றேன். "நீங்க பாத்தத எழுதுங்க அம்மணி, அத வெச்சுப் பொழச்சுக்குவாங்க" என்றார். நான் பார்த்ததெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற முகங்களும், அவர்கள் கொண்டுவந்த எண்ணெய்ப் பிசுக்குப் பொட்டலங்களும்தான். சிங்காநல்லூரில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகம் விற்கும் கடையில் வேறு எதைப் பார்க்க முடியும்?

எந்த வண்டிக்கு எந்தப் பாகம், அதன் எண் என்ன, எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் உங்களுக்குச் சொல்லிவிடும். என்னைவிட வேகமாகச் சொல்லும், சலித்துக்கொள்ளாமலும் சொல்லும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஒருவர் எதிரில் வந்து நின்று, தனக்குத் தேவையில்லாத ஒன்றை உறுதியான குரலில் கேட்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. நீங்கள்தான் பேசியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதே மேஜையில் ஒரு பெரியவர் இருந்தார். தன் பேச்சை யாராவது எடுத்துச் சொன்னால் கூச்சப்படும் ஆள், ஆகவே பெயர் வேண்டாம். யார் எதைக் கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "பழசு எங்கீங்க?" என்பதுதான். கழற்றிய பாகத்தைக் கண்ணால் பார்க்காமல் புதியதைக் கொடுக்க மாட்டார். ஒருமுறை அவிநாசியிலிருந்து ஒருவர் பேட்டரி வாங்க வந்தார். பழையது வீட்டில் இருக்கிறது என்றார். எடுத்து வாருங்கள் என்று பெரியவர் அனுப்பிவிட்டார். அந்த ஆள் முனகிக்கொண்டே பஸ் ஏறிப் போய், மறுநாள் வண்டியையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், சண்டை போடுவதற்காக. பார்த்தால் பேட்டரி நன்றாகவே இருந்தது. எலி ஒயரைக் கடித்திருந்தது. அன்றைக்கு விற்பனை ஒரு முழம் ஒயர். அதன்பிறகு அந்த அவிநாசிக்காரர் எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர் ஆனார் என்று எழுத ஆசைதான். அவர் திரும்பி வரவே இல்லை. நல்ல பேட்டரியை வைத்துக்கொண்டு எதற்கு வரப்போகிறார்?

பழசைக் கேட்கும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, அந்தப் பழக்கம் என்னை ஒரு வீட்டு வாசல்வரை இழுத்துக்கொண்டு போனது. சொல்ல வந்தது அதைத்தான்.

திருமூர்த்தி என்று ஒருவர். நம் கடைக்குப் பின்பக்கத் தெருவில் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மாவு கிரைண்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பம்புக்கும் மில் மெஷினுக்கும் போகிற இரும்புத் துண்டுகளைக் காந்த மேஜையில் ஒட்டவைத்து, சுழலும் கல்லை மேலே ஓட்டி, மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. அதைத்தான் பட்டறைக்காரர்கள் 'ஓட்டறது' என்பார்கள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்திருப்பார். கல்யாண வீட்டிலும் அது பையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அவர் முதல் தடவை வந்தபோது கேட்டது ஒரு செட் கிளட்ச் பிளேட்.

"பழசு கொண்டு வந்தீங்களாங்க?"

"உங்களப் பத்தித் தெரியாதுங்களா அம்மணி" என்று சிரித்தபடி பொட்டலத்தைப் பிரித்தார். பிளேட்டுகள் தேய்ந்துதான் இருந்தன. கொடுத்தேன்.

"யாருங்க மாட்டறது?"

"நானேதானுங்க, ஊட்டு வாசல்லயே. என்ற மக ஓட்டற வண்டி. இன்னொருத்தரு கைல குடுக்க மனசு வருமுங்களா?"

மகள் பெயர் ரஞ்சனி. ஆனைகட்டி மலைக்கு மேலே ஒரு சிறிய மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தாள். அந்த வேலையில் அவருக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு லேபில் சொல்லி வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. பஸ் நேரம் வேலை நேரத்துக்கு ஒத்துவராததால், கடைசியில் தன் மோட்டார் சைக்கிளையே அவளிடம் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் நான் பில் போட்டு முடிப்பதற்குள் அவரே சொன்னார். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பில் வரும்வரை சும்மா நிற்க மாட்டார்கள், ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கேட்டு வையுங்கள். உதவும்.

கிளட்ச் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மேற்கொண்டு வருவதற்காகச் சொல்லி வைக்கிறேன். உள்ளே இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஒன்று, பூச்சு ஒட்டிய கிளட்ச் பிளேட். இன்னொன்று, வெறும் இரும்பாலான ஸ்டீல் பிளேட். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை அமுக்கிப் பிடிக்கும்போதுதான் எஞ்சினின் ஓட்டம் சக்கரத்துக்குப் போகும். பிடி தளர்ந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. பூச்சு தேய்ந்துவிட்டால் கிளட்ச் பிளேட்டை மாற்றுவோம். ஸ்டீல் பிளேட் பெரும்பாலும் அப்படியே திரும்பப் போகும், ஆகவே அதை யாரும் கடைக்குக் கொண்டு வருவதில்லை.

கொஞ்ச நாளிலேயே திருமூர்த்தி மறுபடி வந்தார். கொண்டுவந்த பிளேட்டுகள் கறுத்திருந்தன. பொட்டலத்தைப் பிரித்ததுமே கருகல் வாடை. நம் கடையில் வாங்கியவைதான்.

"உங்க சரக்கக் குத்தம் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தார். "என்ற வேலைலதான் எங்கியோ கவனம் பத்தலையாட்ட இருக்குது. இன்னொரு செட்டு குடுங்க. ஸ்பிரிங்கும் சேத்துக் குடுங்க. இந்தத் தடவ இன்னும் பதனமாப் பாத்துப் போடறேன்."

என்ன ஆயில் ஊற்றினார் என்று கேட்டேன். சரியான ஆயில்தான், அதுவும் நம் கடையில் வாங்கியது. வேறு எதுவும் தோன்றவில்லை. கொடுத்தனுப்பினேன்.

அவர் போனதும் கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பில் போடுபவர், "பொண்ணு ஓட்டற வண்டிங்க. கிளட்ச்சப் புடிச்ச கையோடயே ஓட்டிருக்கும்" என்றார். எத்தனையோ ஆண்களின் கருகிய கிளட்ச்சுகள் இந்த மேஜைமேல் கிடந்திருக்கின்றன. அப்போதெல்லாம், ஆண்பிள்ளை ஓட்டியதால் கருகியது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அவரிடமே சொன்னேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எனக்கும் வேலை நிம்மதியாக நடந்தது.

அடுத்து வந்தது ரஞ்சனி. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"ஏனுங்க அக்கா, நான் திருமூர்த்தி மகளுங்க. அப்பா பிளேட்டு வாங்குனது இங்கதானுங்களா?"

"ஆமாங்க அம்மணி."

"நல்ல பிளேட்டுத்தானுங்களே?"

"நல்லதுதானுங்க. என்னாச்சு?"

அன்று காலை மலையில் ஒரு வளைவில் ஏறும்போது எஞ்சின் கத்தியிருக்கிறது, ஆனால் வண்டி ஏறவில்லை. நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. பின்னால் லோடு லாரி. லாரிக்காரர் பிரேக் பிடித்துவிட்டார். அவளும் காலை ஊன்றிக்கொண்டாள். இதை யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் சொல்லி முடிக்கும்வரை ஹெல்மெட் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வேணும்னே ஒரு கிளட்ச்ச இப்பிடி ஆக்க முடியுமுங்களா அக்கா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அவள் கேட்டது கிளட்ச்சைப் பற்றி அல்ல. முடியும் என்பதுதான் உண்மை, கேபிளைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி வைத்தாலே போதும். அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அவள் நேராக வீட்டுக்குப் போவாள். முடியாது என்றால் அது பொய், அதை அவள் நம்பவும் போவதில்லை.

"யாரு மேல சந்தேகமுங்க?"

"நான் அந்த வேலைக்குப் போறது அப்பாவுக்குப் புடிக்கலீங்க. போகாதேன்னு சொல்லிப் பாத்தாரு. பொறவு வண்டியக் குடுத்தாரு. அவரு கை வெச்சு ரெண்டு தடவ போட்டதும் ரெண்டு தடவயும் கெட்டுப்போச்சு. ஊர் உலகத்துக்கெல்லாம் மைக்ரான் கணக்குல வேல செஞ்சு குடுக்கறவருங்க. அவருக்கு ஒரு கிளட்ச்சு போடத் தெரியாதுன்னா யாரு நம்புவா?"

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். கிளட்ச் லீவரில் இருக்க வேண்டிய தளர்வு சரியாக இருந்தது. கேபிளுக்கு எண்ணெய் விட்டிருந்தார். நட்டுகள் துடைத்து வைத்ததுபோல இருந்தன. கெடுக்க நினைக்கிறவர் கை வைக்கும் இடங்களில் ஒரு கோளாறும் இல்லை.

"கெடுக்கறவங்க இவ்வளவு பதனமா வெக்க மாட்டாங்க அம்மணி. ஆனா காரணம் எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இத எடுத்துட்டு மலைக்குப் போகாதீங்க."

"போகலீங்க அக்கா. வர்ற ஞாயித்துக்கெழம மேலயே ரூம் எடுத்துப் போயிடறேன். வேன் சொல்லிட்டேன். இந்த வண்டியும் வேண்டாம், அந்த ஊடும் வேண்டாம்."

வேலைக்காக ஒரு பெண் தனியாகத் தங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே அப்படித் தங்கி வேலை பார்த்தவள்தான். ஆனால் பெற்ற தகப்பன் தெரிந்தே தன்னை லாரி முன்னால் தள்ளிவிட்டார் என்ற நினைப்போடு ஒரு பெண் வீட்டை விட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அது பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். பொய்தானா என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை திருமூர்த்தி வந்தார். அதே செட் வேண்டும் என்றார். மகள் வந்து போனதை நான் சொல்லவில்லை. ஒருவர் நம்மிடம் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுபோகும் வேலைக்கு நமக்குச் சம்பளம் இல்லை.

"தர்றேனுங்க. ஸ்டீல் பிளேட்டையும் ஒருக்கா கொண்டு வந்து காட்டுங்க."

"அதெல்லாம் அருமையா இருக்குதுங்க. அதுல ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது."

"அருமையா இருக்கறதயும் பாக்கோணுமுங்க."

அவர் முகம் மாறியது. "ஏனுங்க அம்மணி, கடைக்கு வந்து கேக்கறேன். இல்லேங்கறீங்க."

"இல்லேங்கலீங்க. பழசு வரட்டும்ங்கறேன்."

"என்ற பட்டறைல ஓட்டிக் குடுத்த பீஸு ஒண்ணுகூட வேண்டாம்னு திரும்பி வந்ததில்லீங்க. எங்கிட்ட இருக்கற சாமான நீங்க சோதிச்சுப் பாக்கோணுமாக்கு? சரிங்க. போயிட்டு வாரேனுங்க."

நம் ஊர்க்காரர்கள் கோபத்திலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு, இவருக்குக் கோபமே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அவர் காலை எடுத்து வைத்துப் போன விதத்திலேயே தெரிந்தது, நேராக வேறு கடைக்குத்தான் போகிறார் என்று. அங்கே பழசை யாரும் கேட்கப் போவதில்லை.

"உடுங்க அம்மணி, அது அவிய குடும்ப விசயம்" என்றார் முதலாளி. அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மறுநாள் வேன் வந்துவிடும். அந்த வண்டிக்கு உரிய புது ஸ்டீல் பிளேட் ஒரு செட்டை என் கணக்கில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்றது. கிளட்ச் மூடி கழற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, தூசு விழாமல் பனியன் வேஸ்ட் போட்டு மூடியிருந்தார். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அந்தத் துணிக்கழிவில் நம் பட்டறைக்காரர்கள் எண்ணெய்க் கையைத்தான் துடைப்பார்கள். இவர் வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்திருந்தார். வேறு கடையில் வாங்கிய புது கிளட்ச் பிளேட் பெட்டியும் அங்கே இருந்தது.

"வாங்க அம்மணி" என்றார், தலையைத் தூக்காமல்.

அவர் மனைவி சாந்தாமணிதான் வெளியே வந்து உட்காரச் சொன்னார், காப்பி போடப் போனார். உள்ளே பைகளின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. ரஞ்சனி கிளம்பிக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியில் உட்காரவில்லை. முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு தாம்பாளத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். "பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணியை விலக்கினேன். ஸ்டீல் பிளேட்டுகள் மேலேயே இருந்தன. ஒன்றை எடுத்தேன். என் மூக்குக்கண்ணாடியும் நெற்றிப் பொட்டும் அதில் தெரிந்தன. என் பணிக்காலம் முழுவதிலும் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும்படியான ஸ்டீல் பிளேட்டை நான் கண்டதில்லை.

"இது எங்கீங்க வாங்குனது?"

"வாங்குனதுங்களா? நான் ஓட்டுனதுங்க" என்றார். இப்போதுதான் என்னைப் பார்த்தார். "மொதத் தடவ கழட்டுனப்பவே சூட்டுல நீலம் பாஞ்சிருந்துது. சொரசொரன்னு வேற. அப்பிடியே திருப்பிப் போட மனசு வரல. பட்டறைக்குக் கொண்டு போயி ரெண்டு பக்கமும் ஓட்டிப்போட்டேன். நல்லா ஓட்டுன ரெண்டு பீஸ ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அமுக்குனா ஒட்டிக்குமுங்க, பிரிக்கறது செரமம். அந்தப் புடி கிளட்ச்சுக்குக் கெடச்சா மலையென்னங்க, செவுத்துலயே ஏறலாம்."

"ரெண்டாவது தடவ கழட்டுனப்ப?"

"மறுக்கா நீலம். இன்னுங் கொஞ்சம் ஓட்டுனேன். இந்தத் தடவயும் ஓட்டித்தான் வெச்சிருக்கறேன். இதுக்கு மேல ஃபினிஷ் வராதுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கிளட்ச் கெட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் முன்னைவிடக் கவனமாகத் தேய்த்தார். அந்தக் கவனத்தால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கெட்டது. வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வீட்டுக்கு நாலு தெரு தள்ளி கிரைண்டிங் மெஷின் வைத்திருக்கும் கோயமுத்தூர்க்காரருக்குத்தான் இது வாய்க்கும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. அவர் வீட்டு வாசலில், அவர் மனைவியும் மகளும் கேட்கும்படி, அவர் தொழிலையே தப்பு என்று நான் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மகளின் சந்தேகம் அப்படியே நிற்கும். ஆகவே பையிலிருந்து புது ஸ்டீல் பிளேட் ஒன்றை எடுத்து அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னுங்க இது, சாம்பல் பூசுனாப்பல" என்றார்.

"கம்பெனில இருந்து வர்ற புதுசுங்க."

"ஃபினிஷ் பண்ணாம அனுப்பிச்சுட்டானுங்களாட்ட இருக்குது."

"எல்லா வண்டிக்கும் இப்பிடித்தானுங்க வருது."

அவர் அதைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் தடவினார். பிறகு சட்டைப்பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். புதியதை அளந்தார், தன்னுடையதை அளந்தார். நம்பாமல் மறுபடியும் இரண்டையும் அளந்தார். என் பையில் இருந்த மிச்சத்தையும் கேட்டு வாங்கினார். புதியவற்றை ஓர் அடுக்காகவும், தான் தேய்த்தவற்றை இன்னோர் அடுக்காகவும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் சேர்த்து உள்ளங்கையை வைத்தார். கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தொழில் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தேய்க்கத் தேய்க்க அடுக்கு மெலிந்து போயிருந்தது. எந்த ஸ்பிரிங் போட்டாலும் அமுக்கிப் பிடிக்க அங்கே தடிமன் போதவில்லை. அதோடு, எண்ணெயில் முங்கிச் சுற்றும் இடத்தில் அந்தப் பளபளப்பு வேறு வழுக்கிவிட்டது. சமதரையில் எப்படியோ சமாளித்த வண்டி ஏற்றத்தில் கைவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தால் ரஞ்சனி நிலைப்படியில் நின்றாள், தோளில் பையோடு. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவரும் அவளைப் பார்த்தார்.

"நாந்தான் கண்ணு கெடுத்துப்போட்டேன்" என்றார்.

இத்தனை நாளாக அவள் மனசுக்குள் வைத்திருந்ததையே அவர் வாயால் சொல்லிவிட்டார். அவள் முகம் இறுகியதைப் பார்த்தேன். ஆனால் நான் புகுந்து விளக்கம் சொன்னால், அப்பாவுக்குப் பரிந்து பேச வந்த ஆள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். அடுக்கின் மேலிருந்த பளபளப்பான பிளேட் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"என்னதுங்கப்பா இது?"

"உன்ற கிளட்ச்சுதான்."

"எதுக்கு இப்பிடிப் பண்ணுனீங்க?"

"நீ மலை ஏறறியே கண்ணு. எவனோ ஓட்டற மில்லு மெஷினுக்கே அப்பிடி ஓட்டிக் குடுக்கறோம். உனக்குப் போயி சொரசொரன்னு எப்பிடிப் போடறது?"

காப்பித் தம்ளர்களோடு வந்த சாந்தாமணி, நடந்தது எதுவும் தெரியாமல் என்னிடம் சொன்னார்: "அத ஏனுங்க கேக்கறீங்க. பட்டறைல ஆளெல்லாம் போன பொறவு ஒத்தையா உக்காந்து ஓட்டுவாருங்க. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாரு. வெளி வேலைக்குக்கூட இத்தன பாடு பட்டதில்ல."

ரஞ்சனி பையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் வேற என்னமோ நெனச்சுட்டேனுங்கப்பா."

"என்ன நெனச்ச?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பியைக் குடித்தேன். அவள் என்ன நினைத்தாள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. உங்களில் யாராவது அவர் பட்டறைப் பக்கம் போனால், தெரியாமலே இருக்கட்டும்.

தெருவில் வேன் வந்து ஹாரன் அடித்தது. திருமூர்த்தி பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ கெளம்பு கண்ணு. நான் வண்டிய மெக்கானிக்குகிட்ட உட்டுப்போடறேன். இனி நான் இதுல கை வெக்கல."

ரஞ்சனி வாசலைத் தாண்டிப் போய் வேன்காரரிடம் ஏதோ சொன்னாள். வேன் திரும்பிப் போனது. அவள் வந்து தோள்பையைச் சுவரோரம் வைத்தாள். தாம்பாளத்துக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களே போடுங்கப்பா. நாளைக்குக் காலைல நான் இதுலதான் மலைக்குப் போகோணும்."

அவர் மறுபடியும் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். எப்படி மாட்டினார் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டியதில்லை. சரியாக மாட்டினார். புது ஸ்டீல் பிளேட்டுகளை ஒன்றும் செய்யாமல் வந்தபடியே போட்டார். ஆனால் ஒவ்வொன்றையும் உள்ளே வைக்குமுன் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வைத்தார். ரஞ்சனி அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் இரண்டாவது காப்பியும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை வண்டி மலை ஏறிவிட்டது. அதன்பிறகு அந்தக் கிளட்ச்சைப் பற்றிப் புகார் வரவில்லை. மழைக்காலம் ஆரம்பித்ததும் ரஞ்சனி மேலேயே ஒரு ரூம் எடுத்தாள். சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தது திருமூர்த்திதான்.

அதற்கு முன்பே, கிளட்ச் மாட்டிய அந்த வாரத்திலேயே ஒரு நாள், அவர் கடைக்கு வந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. வெள்ளைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"நீங்க கேட்ட பழசுங்க" என்றார்.

அந்தப் பொட்டலம் இப்போதும் மேஜையின் கீழ் இழுப்பறையில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். பளபளப்பைப் பார்த்துவிட்டு யாருக்காவது விற்றுவிடாதீர்கள். யாராவது உங்களிடம், மற்றதெல்லாம் அருமையாக இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னால், அந்த அருமையானதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வேறு எதையும் நான் பெரிதாகக் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கு அவர் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன். பழக்க தோஷம்.

"செட்டுல ஒண்ணு கொறையுதுங்களே."

"மக எடுத்துட்டுப் போயிட்டாளுங்க. அங்க லேபுல மேஜ மேல வெச்சிருக்கறாளாமா. எதுக்கு கண்ணுன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடமே கேட்டார். "எதுக்குங்க அம்மணி அது?"

"மொகம் பாக்கறதுக்கா இருக்குமுங்க" என்றேன்.